சாப்பிட்டவுடன் டீ குடிக்கலாமா? டீ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால், சொந்தக்காரர்களில் யாருக்கு டீயில் சந்தேகம் வந்தாலும் போன் எனக்குத்தான் வரும். ஒரே பதிலை இருபது தடவை சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. ரத்தசோகை, சிறுநீரகக் கல், கர்ப்பம் மாதிரி விஷயங்களில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

டீ உடம்புக்கு நல்லதா கெட்டதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

அளவாகக் குடித்தால் நல்லது என்ற பக்கம்தான் இதுவரை வந்த ஆய்வுகள் சாய்கின்றன.

ஒரு வரி போதாது என்றால் இதையும் கேளுங்கள். பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரைப் பத்து வருடத்துக்கு மேல் கவனித்த ஓர் ஆய்வு 2022ல் வெளிவந்தது. தினமும் 2 கப்போ அதற்கு மேலோ டீ குடித்தவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட இறப்பு அபாயம் 9 முதல் 13 சதவீதம் குறைவு. பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் முடிவு மாறவில்லை. ஆனால் அதற்கு டீதான் காரணம் என்று இந்த மாதிரி ஆய்வு நிரூபிக்காது. தவிர, அவர்கள் குடிப்பது கொஞ்சமாய்ப் பால் விட்ட பிளாக் டீ. நம்முடையதில் பாதி பால், 2 ஸ்பூன் சர்க்கரை, கூடவே ஒரு பருப்பு வடை. அந்த எண்ணை அப்படியே நம் கிளாஸில் ஊற்றிக்கொள்ள முடியாது. நான் டீ குடிப்பது ருசிக்காக. ஆரோக்கியம் கிடைத்தால் அது கொசுறு.

கிரீன் டீ, பிளாக் டீ, ஒயிட் டீ எல்லாம் வேறு வேறு செடியா?

ஒரே செடிதான். கமேலியா சினென்சிஸ் என்று பெயர். சீனத்துச் சின்ன இலை, அசாமின் பெரிய இலை என்று அதில் இரண்டு வகை உண்டு. பறித்த கொழுந்தை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பறித்ததும் ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டிவிட்டால் இலையின் நொதி செயலிழந்துவிடும். பச்சை நிறம் நிற்கும். அது கிரீன் டீ. வாடவிட்டு, நசுக்கி, காற்றுப் படவிட்டால் வெட்டிய ஆப்பிள் பழுப்பதுபோல இலையும் பழுக்கும். அதைக் காயவைத்தால் பிளாக் டீ. பாதியில் நிறுத்தினால் ஊலாங். மொட்டையும் இளங்கொழுந்தையும் அதிகம் தொந்தரவு செய்யாமல் காயவைத்தால் ஒயிட் டீ.

டஸ்ட் டீ என்றால் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கிய தூசியா?

இல்லவே இல்லை. இந்த வதந்தியை எங்கள் சித்தப்பா இன்னும் நம்புகிறார். டஸ்ட் என்பது தூளின் அளவைக் குறிக்கும் தரப்பெயர். சலித்துப் பிரிக்கும்போது பெரிய துண்டு, சின்னத் துண்டு, பொடி என்று வரும். கடைசியாக விழும் பொடிதான் டஸ்ட். அதிலும் நல்லது, சுமார் என்று ரகங்கள் உண்டு. பொடியாக இருப்பதால் சாயம் சட்டென்று இறங்கும். பால் டீக்கு நம் ஊரில் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். நாம் வாங்குவதில் பெரும்பகுதி சி.டி.சி. முறையில் வருவது: இலையை உருளைகளுக்கு நடுவே நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குவது. 1930களில் அசாமில் வந்த இயந்திரம். இலை உருக்குலையாமல் பழைய முறையில் செய்வதற்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். பால் இல்லாமல் குடிப்பதாக இருந்தால் அதை வாங்குங்கள்.

சாப்பிட்டவுடன் டீ குடிக்கலாமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். என் பதில்: வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

டீக்குத் துவர்ப்பைத் தரும் பொருட்கள், கீரை, பருப்பு, ராகி போன்ற தாவர உணவிலிருக்கும் இரும்புச்சத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட இரும்பைக் குடல் உறிஞ்சாது. சாப்பாட்டோடு ஒரு கப் ஸ்ட்ராங் டீ குடித்தால், உடம்பில் சேரவேண்டிய அந்த இரும்பில் பாதிக்கு மேல் சேராமல் போகலாம். கறி, ஈரல் போன்றவற்றில் இருக்கும் இரும்புக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எங்கள் பெரியம்மாவும் அந்தக் கணக்கில் ஒருவர். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. ஒருநாள் அவர் வீட்டில் தங்கியபோது பார்த்தேன்: ஆறு மணிக்கு எழுந்து, அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து, மாத்திரையை நாக்கில் வைத்து, கையிலிருந்த டீயால் விழுங்கினார். "வெறும் தண்ணியில போட்டா வாந்தி வருதுப்பா" என்றார். மாத்திரையை இரவுக்கு மாற்றி, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடச் சொன்னார் டாக்டர். டீயை விடச் சொல்லவில்லை. அப்புறம்தான் எண் மெல்ல ஏறத் தொடங்கியது.

வைட்டமின் சி இரும்பு சேர உதவும். அதனால் முருங்கைக்கீரையோடு டீ வேண்டாம், நெல்லிக்காய் வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதே ஜாக்கிரதை: வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து டீ.

காலையில் வெறும் வயிற்றில்?

ஒத்துக்கொள்கிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நெஞ்செரிச்சல், குமட்டல் வந்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு பிஸ்கட், பிறகு டீ.

ஒரு நாளைக்கு எத்தனை டீ?

அதே 2024 வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபீனைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஒரு தடவை குடிக்கும் டீயில் 30 முதல் 65 மி.கி. இருக்கும். 150 மி.லி. பில்டர் காபியில் 80 முதல் 120 வரை. கணக்குப் போட்டால் 4 டீ வரை வண்டி ஓடும். ஆனால் நடுவில் காபியும் கோலாவும் குடித்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி. வரம்பு என்று பல நாடுகளில் சொல்கிறார்கள். 2 அல்லது 3 டீயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாலே போதும், டீயைக் காட்டிப் பழக்காதீர்கள்.

என் அனுபவத்தில் எண்ணிக்கையைவிடச் சர்க்கரைதான் பெரிய வில்லன்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம், நாட்டுச்சர்க்கரை போட்டால் பரவாயில்லையா?

ருசி மாறும், சர்க்கரைக் கணக்கு மாறாது. ஒரு டீக்கு 2 ஸ்பூன் என்றால் சுமார் 8 முதல் 10 கிராம். நாளைக்கு 5 டீ குடித்தால் 40 முதல் 50 கிராம். சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தமே 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது சாப்பாட்டில் இனிப்பே தொடாமல் டீயிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் "நாட்டுச்சர்க்கரைதானே" என்று மனதைத் தேற்றிக்கொள்ள இடமில்லை.

ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் திரும்ப வந்துவிடும். நான் வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்தேன். கடையில் "சக்கரை கம்மியா" என்று சொல்லத்தான் முதலில் கூச்சமாக இருந்தது. வெல்லம் போடுவதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் பால் திரிந்துபோகும் வாய்ப்பு உண்டு.

டீ குடித்தால் மனசு லேசாகிறதே. காபிக்கு அப்படி இல்லையே, ஏன்?

கஃபீன் இரண்டிலும் இருக்கிறது. டீயில் கூடுதலாகத் தியானின் என்ற அமினோ அமிலம் உண்டு. தேயிலைச் செடியைத் தவிர வேறு தாவரங்களில் அது அபூர்வம். தியானினும் கஃபீனும் சேர்ந்தால் படபடப்பில்லாத கவனம் வருகிறது என்று சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவற்றில் மாத்திரையாகக் கொடுத்த தியானினின் அளவு ஒரு கப் டீயில் இருப்பதைவிடப் பல மடங்கு. அதனால் மொத்தப் பெருமையையும் தியானினுக்குக் கொடுக்க நான் தயாரில்லை.

ஆபீஸில் ஒருவர் "டீ குடிக்கப் போகலாமா?" என்றால் அவருக்குத் தாகம் என்று யாரும் நினைப்பதில்லை. எழுந்து, படியிறங்கி, தெருமுனை வரை நடந்து, கிளாஸ் சூடு பொறுக்காமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்கிறோம். திரையைப் பார்க்கவில்லை, மேனேஜர் குரல் கேட்கவில்லை. மனசு லேசாவதில் அதற்கும் பங்கில்லையா? மேஜைக்கே டீ வரவழைத்துக் குடிப்பவர்கள் இந்தப் பாதியை இழந்துவிடுகிறார்கள்.

ராத்திரி டீ குடித்தாலும் எனக்குத் தூக்கம் வருகிறதே?

வரும். ஆழமாக வருகிறதா என்பதுதான் விஷயம். உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 10 மணிக்குப் படுப்பவர் கடைசி டீயை 4 மணிக்கு முடித்துக்கொள்வது நல்லது. அதற்குமேல் ஆசை வந்தால் சுக்குமல்லிக் காபி; பெயர்தான் காபி, காப்பித்தூள் போடாவிட்டால் கஃபீன் கிடையாது.

பால் சேர்த்தால் டீயின் நல்ல குணமெல்லாம் போய்விடுமா?

பாலின் புரதம் டீயின் சத்துகளில் கொஞ்சத்தைப் பிடித்துவைக்கிறது என்பது உண்மை. அதனால் உடம்புக்குக் கிடைக்கும் பயன் எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பால் டீ பிடித்தால் குடியுங்கள்.

கிரீன் டீ குடித்தால் இளைக்குமா?

மாதக்கணக்கில் குடித்தாலும் தராசில் தெரியும் அளவுக்கு எதுவும் நடக்காது. 2 ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீயை விட்டுவிட்டு அதற்கு மாறினால் இளைக்கும். அது சர்க்கரையையும் பாலையும் விட்டதால். ஆனால் கிரீன் டீ சாறு மாத்திரைகளை மட்டும் லேசாக நினைக்காதீர்கள். அதிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளொன்றுக்கு 800 மி.கி. அளவைத் தொட்டால் கல்லீரலுக்குத் தொந்தரவு வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் எச்சரித்தது. கப்பில் குடிப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

கசக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் கொதிக்கும் தண்ணீரை நேராக ஊற்றுகிறவர்கள். கொதித்த தண்ணீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, 75-80 டிகிரிக்கு வந்ததும் ஊற்றி, 2 நிமிடத்தில் இலையை எடுத்துவிடுங்கள்.

கொதிக்கக் கொதிக்கக் குடித்தால்தான் எனக்கு டீ குடித்த மாதிரி இருக்கிறது. தப்பா?

இதை மட்டும் விட்டுவிடுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016ல் 'அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம்' என்ற வரிசையில் வைத்தது. பிரச்சினை உணவுக்குழாயில். காரணம் சூடு, டீ இல்லை. இரண்டு தடவை நன்றாக ஆற்றிவிட்டால் போதும். நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

கடை டீ மட்டும் ஏன் அவ்வளவு ருசி? வீட்டில் வரமாட்டேன் என்கிறதே?

ஒரு நாள் மாலை 4 மணிக்குக் கடையில் நின்று மாஸ்டரின் கையை மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் பாய்லரில் தண்ணீர் தளதளக்கிறது. இன்னொரு பக்கம் பால் மணிக்கணக்கில் சின்னத் தீயில் சுண்டிக்கொண்டிருக்கிறது. அதில்தான் பாதி ருசி. தேயிலைத்தூள் துணிப்பையில். பைக்குள் கொதிநீர் விழுந்து, கீழே குவளையில் கருஞ்சிவப்பாக டிகாஷன் இறங்குகிறது. கிளாஸில் முதலில் சர்க்கரை, அடுத்து பால், மேலே டிகாஷன். லைட், மீடியம், ஸ்ட்ராங் எல்லாம் அந்தக் கடைசி ஊற்றில்தான் இருக்கிறது. அப்புறம் ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே. இரண்டே ஆற்றில் சர்க்கரை கரைந்து, சூடு இறங்கி, நுரை ஏறிவிடும். ஸ்பூனுக்கு வேலையே இல்லை.

வீட்டில் நாம் பாலையும் தூளையும் ஒன்றாகப் போட்டு கொதிக்க விடுகிறோம். அது வேறு பண்டம். கடை ருசி வேண்டுமென்றால் டிகாஷனைத் தனியாக இறக்கிப் பாருங்கள். ஒரு ரகசியம்: கூட்டமுள்ள நேரத்தில் போய்க் குடியுங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குப் போனால், காலையிலிருந்து வெந்துகொண்டிருக்கும் அதே பையின் கசப்புதான் கிடைக்கும்.

சரி, வீட்டு முறையிலேயே நல்ல டீ எப்படிப் போடுவது?

இரண்டு பேருக்கு 150 மி.லி. தண்ணீர், 120 மி.லி. பால், 2 ஸ்பூன் தூள். இஞ்சி போடுவதாக இருந்தால் தட்டி, தண்ணீரிலேயே இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரியவைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. சூடு பட்டால் அடங்கிவிடும். பிறகு தூள், 2 நிமிடம். பிறகு பால். ஒரு பொங்கு வந்ததும் இறக்கி, மூடி, ஒரு நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். ஏலக்காய் கடைசியில்.

பால் இல்லாத டீக்கு, ஒரு கப்புக்கு 2 கிராம் இலை, கொதிநீர், 3 நிமிடம். தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள் 100 மி.லி.க்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் ஊறவைப்பார்கள். அது குறையைக் கண்டுபிடிக்கும் டீ, குடிக்கிற டீ இல்லை. இப்படி டீ போடும் முறையை 6 பக்கத்தில் எழுதி வைத்ததற்காக பிரிட்டிஷ் தரநிலை அமைப்புக்கு 1999ல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்தார்கள்.

பிளாக் டீயின் மேலே எண்ணெய் மாதிரி படலம் மிதக்கிறதே, கலப்படமா?

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து அதிகம். அது டீயோடு சேர்ந்தால் படலம் வரும். கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், காணாமல் போகும். ஒரு சொட்டு எலுமிச்சை விட்டாலும் போகும்.

உண்மையான கலப்படத்தைப் பார்க்க வழி உண்டு. வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சற்றுக் கழித்துக் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். தாளில் நிறம் திட்டாக ஊறியிருந்தால் சாயம் கலந்திருக்கிறார்கள். போட்டவுடன் செக்கச்செவேல் என்று சாயம் இறங்கும் மலிவான சில்லறைத் தூளைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான்.

பேப்பர் கப், டீ பேக் இதெல்லாம் பாதுகாப்பா?

பேப்பர் கப்பின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். சூடான திரவம் 100 மி.லி. ஊற்றி 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்குகின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு 2020ல் சொன்னது. நைலான் போன்ற பிளாஸ்டிக் டீ பேக்கில் இது கோடிக்கணக்கில் போகிறது. உடம்பை என்ன செய்யும் என்பது இன்னும் தெளிவாகவில்லை. நான் கண்ணாடி கிளாஸ் கேட்டு வாங்குகிறேன்; கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. பார்சலுக்குப் பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுபோங்கள்.

செம்பருத்தி டீ, சங்குப்பூ டீ, ஆவாரம்பூ டீ?

இதிலெல்லாம் தேயிலை இல்லை, கஃபீனும் இல்லை. கஷாயம் என்று சொன்னால் விற்காது என்று டீ ஆக்கிவிட்டார்கள். குடிக்க நன்றாகத்தான் இருக்கும். சங்குப்பூவின் நீலத்தில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை. ஆனால் 'சர்க்கரையை விரட்டும்' என்ற விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் செம்பருத்தியைத் தினசரி ஆக்கும்முன் டாக்டரைக் கேளுங்கள், அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது.

நீலகிரித் தேயிலையில் எதை வாங்குவது? இலங்கைத் தேயிலை உசத்தியா?

டிசம்பர், ஜனவரிப் பனியில் பறிக்கும் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் கிடைத்தால் ஒரு முறை பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள். செடி குளிரில் மெதுவாக வளர்வதால் பூ வாசம் தூக்கலாக இருக்கும். தினசரிப் பால் டீக்கு அது வீண் செலவு. அரசின் டான்டீயோ, சிறு விவசாயிகளின் கூட்டுறவான இன்ட்கோவின் தூளோ போதும். டான்டீ தோட்டங்களின் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1964ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காக உருவான தோட்டங்கள் அவை. இலங்கையில் 1867ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று படிக்கிறோம். மலையைத் திருத்தி நட்டுப் பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள்.

இலங்கைத் தேயிலையில் மெல்லிய மணம் பிடித்தால் நுவரெலியா, தூக்கலான மணம் வேண்டுமென்றால் ஊவா, பாலுக்கு ருகுணு. அங்கே பால் விடாத தேத்தண்ணியை பிளேன்டீ என்பார்கள். இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரையைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பவர்களும் உண்டு. சர்க்கரை குறைக்க நான் பார்த்ததிலேயே ருசியான வழி அது.

தூளை எப்படி வைத்திருப்பது?

காற்றுப்புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல், முக்கியமாக மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் இல்லாமல். தேயிலை பக்கத்து வாசத்தை இழுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஒரு மாதம் ரசப்பொடி டீ குடித்திருக்கிறோம்.

வடிகட்டிய சக்கையை ரோஜாச் செடிக்குப் போடலாமா?

போடலாம். பாலும் சர்க்கரையும் போகும்படி நன்றாக அலசி, காயவைத்து, கைப்பிடியளவு மண்ணில் கிளறிவிடுங்கள். அலசாமல் போட்டால் இரண்டாம் நாள் தொட்டி முழுக்க எறும்பு.